சூடு ஆறாத துண்டுகள்

மல்லேஸ்வரம் பதினைந்தாவது கிராஸில் தேசிகன் ஒரே தடவையில் வீட்டை விட்டுக் கிளம்பிப் போனதாகச் சரித்திரமே கிடையாது. அபார்ட்மெண்ட் கேட் வரைக்கும் போவார். காஸை மூடினோமா என்று தோன்றும். திரும்பி வந்து மூன்று மாடி ஏறுவார். லிப்ட் இருக்கிறது, ஆனால் நடுவில் கரண்ட் போய்விட்டால்? காஸ் மூடித்தான் இருக்கும். மறுபடியும் இறங்கி, முனையில் நிற்கும் இளநீர் வண்டி வரைக்கும் போவார். பூட்டை இழுத்துப் பார்த்தோமா என்று தோன்றும். இழுத்துப் பார்த்த வலி விரலில் இன்னும் இருக்கும். ஆனாலும் திரும்புவார். இளநீர்க்காரர் கன்னடத்தில், "மத்தே பந்த்ரா சார்?" என்பார். மறுபடியும் வந்தாச்சா என்ற அந்தக் கேள்விக்கு அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. வந்தது வாஸ்தவம்தானே.

வேலையில் இருந்த காலத்தில் இந்தக் குணம் அவருக்குச் சோறு போட்டது. அரசாங்கத்தில் பாலங்களைப் பார்வையிடும் பிரிவில் இன்ஜினியராக இருந்தவர். விரிசல் இல்லாத இடத்திலும் விரிசல் இருக்குமோ என்று தேடுகிற ஆளை அந்தப் பிரிவில் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஓய்வு பெற்றதும் பாலங்கள் போய்விட்டன, பயம் மட்டும் வீட்டோடு வந்து உட்கார்ந்துகொண்டது. நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது என்றே சொல்ல வேண்டும்.

மனைவி ரமா இருந்தவரைக்கும் இதற்கு ஒரு மருந்து இருந்தது. கேட்டில் அவர் தயங்கி நிற்கும்போதே அவள், "பூட்டியாச்சு. நான் பாத்தேன்" என்பாள். அவ்வளவுதான், மனுஷர் நடந்துவிடுவார். அவள் நிஜமாகவே பார்த்தாளா என்பது பெருமாளுக்குத்தான் வெளிச்சம். சொல்கிற விதத்தில் ஒரு தீர்மானம் இருக்கும். அவள் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. அதன் பிறகு அந்த வார்த்தையைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். தன்னை அவருக்கு நம்பிக்கையில்லை.

இப்போது வீட்டில் அவர், மகன் ரித்விக், மருமகள் சுப்ரியா, ஆறு மாதக் குழந்தை நிலா. ஜூனில் மழை பிடித்துக்கொண்டதிலிருந்து குழந்தைத் துணி எதுவும் காயவில்லை. கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரமாகவே இருந்து, புளித்த மாவு வாடை அடித்தது. ரித்விக் ஒரு ட்ரையர் வாங்கி, சமையலறைக்குப் பின்னாலிருக்கும் யுட்டிலிட்டியில் வாஷிங் மெஷினுக்கு மேலேயே மாட்டச் செய்தான். மாட்ட வந்த பிரகாஷ் என்ற மெக்கானிக்கிடம் தேசிகன் அரை நாள் கேள்வி கேட்டார். அவன் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, "சார், இது மிஷின்தான், புலி இல்லே" என்றான்.

துணி துவைப்பது அன்றிலிருந்து தேசிகன் இலாகா. அந்தப் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்ட விதத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாக்கெட்டையும் உள்ளே வெளியே திருப்பிப் பார்ப்பார், ஜிப்பை இழுத்து மூடுவார். நிலாவின் சுண்டுவிரல் நீளச் சாக்ஸுகளை வலைப்பையில் போட்டு முடிச்சுப் போடுவார். வெள்ளை தனி, சாயம் தனி. ட்ரம்மில் பாதிக்கு மேல் துணி போட மாட்டார். ஒவ்வொரு தடவையும் ட்ரையரின் வடிகட்டியை உருவி, அதில் படிந்திருக்கும் பஞ்சை வழித்தெடுப்பார். அந்தப் பஞ்சு பற்றிக்கொள்ளும் என்று கையேட்டில் போட்டிருந்தது. அந்தக் கையேட்டை அவர் பாராயணமே செய்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: ஆள் வெளியே போகும்போது ட்ரையர் ஓடக் கூடாது.

குழந்தைத் துணி என்பதால் சோப்பு அரை மூடிதான். அதிலிருக்கும் மருந்து குழந்தையின் தோலுக்கு ஆகாவிட்டால்? பச்சைத் தண்ணீர்தான், வெந்நீரில் துணி சுருங்கிவிட்டால்? இப்படி அவர் எதை யோசித்தாலும் கடைசியில் ஓர் 'ஆகிவிட்டால்' வந்து நிற்கும்.

சிக்கல் ஆரம்பித்தது ஒரு புதன்கிழமை. சுப்ரியா டாக்டரிடம் போயிருந்தாள், குழந்தை தாத்தாவிடம். நிலா தும்மினாள் என்று ஒரு போன். தும்மல் நின்றுவிட்டது என்று ஒரு போன். தூங்குகிறாள், ஆனால் ரொம்ப அமைதியாகத் தூங்குகிறாள் என்று ஒரு போன். அவள் டாக்டர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதும் போன் அடித்துக்கொண்டேயிருந்தது.

அன்று மாலை ரித்விக் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். "அப்பா, உன்னை நம்பாம இல்ல. உன் பயத்தைத்தான் நம்ப முடியல. திங்கக்கிழமை சுப்ரியாவுக்கு லீவ் முடியறது. மீட்டிங் நடுவுல நீ இப்படிக் கூப்பிட்டிண்டே இருந்தா அவ எப்படி வேலை பாப்பா? நிலாவை டேகேர்ல விட்டுடலாம்னு தோணறது."

தேசிகன் குழந்தையைப் பார்த்தார். இந்த ஆறு மாதமாக அவர் காலையில் எழுந்திருப்பதே அந்தக் குழந்தை முகத்தில் விழிக்கத்தான். அதையும் எடுத்துவிட்டால், பூட்டின கதவுக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு எதைப் பாதுகாப்பது?

சுப்ரியாதான் குறுக்கே வந்தாள். "இருங்கோ ரித்விக். அப்பா, சனிக்கிழமை உங்க ஃப்ரெண்ட் சீனு மாமா பொண்ணு ரிசெப்ஷன் ஜெயநகர்ல இருக்கு, இல்லையா? நீங்க மட்டும் போயிட்டு வாங்கோ. நடுவுல திரும்பி வரக் கூடாது. போன் பண்ணக் கூடாது. நீங்க பண்ணினாலும் நாங்க எடுக்க மாட்டோம். அது மட்டும் உங்களால முடிஞ்சுடுத்துன்னா, திங்கக்கிழமை நிலா உங்ககிட்டதான்."

"அவ்வளவுதானே?" என்றார் தேசிகன். அவ்வளவு என்பது எவ்வளவு என்று அவருக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து தூறல். சனிக்கிழமை என்றால் அவருக்கு எண்ணெய்க் குளியல். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயைக் காய்ச்சி, தலையிலிருந்து கால் வரைக்கும் தேய்த்து ஊறுவார். குழந்தைக்கும் அதே எண்ணெய்தான், அது தினமும். காலையில் அதற்கென்றே வரும் சரசு காலை நீட்டி உட்கார்ந்து, நிலாவைக் காலில் போட்டு, உருவி உருவிக் குளிப்பாட்டிவிட்டுப் போவாள். துடைக்கிற துண்டெல்லாம் எண்ணெய் குடித்துக் குடித்து மஞ்சள் ஏறியிருக்கும். வெள்ளிக்கிழமை துண்டு, சனிக்கிழமை துண்டு, அவருடைய ஈரோட்டுத் துண்டு எல்லாவற்றையும் தேசிகன் ஒன்றாக மெஷினில் போட்டார். அரை மூடி சோப்பு, பச்சைத் தண்ணீர்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதையெல்லாம் ட்ரையருக்கு மாற்றினார். வடிகட்டியைச் சுத்தம் செய்தார். துண்டு என்பதால் அதிகபட்சச் சூடு. அது கிர்ரென்று ஓட, எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. ட்ரையரோ இன்னும் முடியவில்லை. கடைசியில் கொஞ்ச நேரம் அது சூடே இல்லாமல் வெறும் காற்றில் சுற்றும். அந்தச் சுற்று எதற்கு என்று அவருக்கு எப்போதுமே புரிந்ததில்லை, கரண்டுக்குத் தண்டம் என்றுதான் நினைத்திருந்தார். இன்று அது முடியக் காத்திருந்தால் நேரமாகும். ஓடவிட்டுப் போகவோ விதி இடம் கொடுக்காது. ஆகவே பட்டனை அழுத்தி நிறுத்தினார்.

துண்டுகள் கை பொறுக்காத சூட்டில் இருந்தன. பரவாயில்லை, வெளியே குளிர், குழந்தைக்குக் கதகதப்பாக இருக்கும். மடித்தார், இறுக்கி அடுக்கினார். சூடு போய்விடக் கூடாதே என்று கம்பளியால் இறுகச் சுற்றிப் பிரம்புக் கூடையில் வைத்தார். சத்தம் போடாமல் படுக்கையறைக்குப் போய், தொட்டில் பக்கத்தில் கூடையை வைத்தார். சுப்ரியா ராத்திரி முழுக்கக் குழந்தையோடு விழித்திருந்தவள், கட்டிலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நிலா தொட்டிலில். ஜன்னல் சாத்தியிருந்தது. மழைக்காலம், கொசு வந்துவிட்டால்?

வேஷ்டி மாற்றி, சட்டை போட்டு, கிளம்புகிற வேளையில் வழக்கப்படி எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். காஸ், குழாய், அயர்ன் பாக்ஸ். கடைசியாகக் கூடை. கம்பளிக்குள் கையை விட்டுப் பார்த்தார். சுட்டது. நல்லது, கம்பளி சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

கேட் வந்தது. தாண்டினார். இளநீர் வண்டி வந்தது. இளநீர்க்காரர் அரிவாளோடு நிமிர்ந்து பார்த்தார். தேசிகன் திரும்பவில்லை. கழுத்து வலித்தது, அவ்வளவு இறுக்கி வைத்திருந்தார். சம்பிகே ரோடு மெட்ரோ வரைக்கும் ஒரே மூச்சாக நடந்து, ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மூச்சு விட்டார். ரித்விக் கார் சர்வீஸுக்காக யஷ்வந்த்பூர் போயிருந்தான். வீட்டில் சுப்ரியாவும் குழந்தையும் தூங்குகிறார்கள். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. திங்கட்கிழமை நிலா என்னிடம்தான்.

மெஜஸ்டிக்கில் கூட்டம் ஏறியது. எதிரில் நின்றவருக்கு இடம் விட நகர்ந்தவர், மூக்கைத் துடைக்கக் கையைத் தூக்கினார். விரலில் ஒரு வாடை.

நல்லெண்ணெய் வாடை அவருக்குப் பழக்கம். இது அது இல்லை. அப்பளம் பொரித்த எண்ணெயை மறுநாளும் அதற்கு மறுநாளும் காய்ச்சினால் வருமே, அந்தக் காறல். கடைசியாக எதைத் தொட்டோம்? கூடைக்குள் கைவிட்டதுதான்.

அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. ட்ரையரிலிருந்து எடுத்தபோது துண்டு சூடாக இருந்தது, ஆனால் மடிக்க முடிந்தது. கிளம்பும்போது கையை விட்டபோதோ, வெடுக்கென்று இழுத்துக்கொள்ளத் தோன்றிய சூடு. அடுப்பிலிருந்து இறக்கி வைத்த சாம்பார் நேரம் போகப் போக ஆறத்தானே செய்யும்? மூடி வைத்தால் மெதுவாக ஆறும், அவ்வளவுதான். இன்னும் சூடாகுமா?

ஆகாது என்றது புத்தி. ஆகாது, கரண்ட் இல்லை, நெருப்பு இல்லை, வெறும் துண்டு. இதுவும் உன் பயம்தான், தேசிகா. காஸ் மூடியிருந்ததா? மூடியிருந்தது. பூட்டு? பூட்டியிருந்தது. வாழ்நாள் முழுக்க நீ திரும்பிப் போனாயே, ஒரு தடவையாவது ஏதாவது ஆகியிருந்ததா? ஒரே ஒரு தடவை? அவரால் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. பயம் எப்போதும் இதே குரலில்தான் பேசியிருக்கிறது, எப்போதும் பொய்யே சொல்லியிருக்கிறது. இன்று மட்டும் மெய் சொல்கிறது என்று எப்படி நம்புவது? நம்பித் திரும்பினால் குழந்தை டேகேருக்குப் போய்விடும்.

சிக்பேட்டை போனது. கே.ஆர். மார்க்கெட் போனது. விரலை மறுபடியும் முகர்ந்தார். உள்ளங்கை வியர்த்து, அந்த வாடை இன்னும் தூக்கலாக வந்தது.

வாக்குறுதியாவது மண்ணாவது என்று சுப்ரியாவுக்குப் போன் போட்டார். அடித்து அடித்து நின்றது. மறுபடியும் போட்டார். சைலண்டில் போட்டிருப்பாள், அவருக்காகத்தானே போட்டிருப்பாள். ரித்விக்குக்குப் போட்டார். அவன் கட் செய்துவிட்டு ஒரு மெசேஜ் அனுப்பினான்: 'அப்பா, நோ போன்! ரிசெப்ஷன்ல நன்னா சாப்டு.' கூடவே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை. தேசிகன் தப்புத் தப்பாக எழுத்தைத் தட்டி, 'கூடையைப் பார்' என்று பதில் அனுப்பினார். அவன் அதைத் திறந்து பார்க்கவில்லை.

கடைசியாக வாட்ச்மேன் நாகேஷைக் கூப்பிட்டார்.

"நாகேஷ், மேல போய் பெல் அடிச்சு சுப்ரியாவை எழுப்பேன். கொஞ்சம் சீக்கிரம்."

"சார், போன தபா நீங்க சொன்னீங்கன்னு பெல் அடிச்சு, பாப்பா எழுந்து, மேடம் கோவிச்சுக்கினாங்க. இன்னிக்கு சார் போன் பண்ணா மேல வராதேன்னு காலையிலயே சொல்லிக்கிறாங்க." நாகேஷின் குரலில் கேலி இல்லை, இரக்கம்தான் இருந்தது. "கீழயிருந்து பாக்கறேன் சார். பால்கனி, ஜன்னல் எல்லாம் சரியாத்தான் கீது. நீங்க பயப்படாம போயிட்டு வாங்க."

படுக்கையறை ஜன்னல் பின்பக்கம் என்று சொல்வதற்குள் சுரங்கத்தில் சிக்னல் போய் போன் அறுந்தது.

ஊரிலிருக்கும் அத்தனை பேரையும் அவரேதான் பழக்கியிருந்தார், தேசிகன் கூப்பிட்டால் ஒன்றுமிருக்காது என்று. இப்போது அந்தப் பாடத்தை எல்லோரும் நன்றாகப் படித்து முடித்திருந்தார்கள். அவருக்கு அழுகை வந்தது. நேஷனல் காலேஜ் ஸ்டேஷனில் கதவு திறந்ததும், பட்டு வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். போகட்டும், குழந்தை டேகேருக்கே போகட்டும். இருந்தால்தானே போகும்.

எதிர்ப்பக்க ரயில் வர நேரமாயிற்று, அல்லது அவருக்கு அப்படித் தோன்றியது. வந்த ரயிலில் அவர் உட்காரவேயில்லை, கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். சம்பிகே ரோட்டில் இறங்கி ஓடினார். அறுபத்தேழு வயதில், வழுக்கும் பிளாட்பாரத்தில், விழுந்துவிட்டால் என்ற நினைப்புகூட வராமல் ஓடியது அவர் வாழ்க்கையிலேயே அன்றுதான். "மத்தே பந்த்ரா" என்று ஆரம்பித்த இளநீர்க்காரர் அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

மூன்று மாடி. சாவி கையிலேயே இருந்தது. கதவைத் திறந்தார். ஹாலில் ஒன்றுமில்லை. மேஜையில் காபித் தம்ளர், நிலாவின் கிலுகிலுப்பை. ஒரு கணம் அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது, இப்போதும் ஒன்றுமில்லை என்று. பிறகு படுக்கையறைக் கதவடியில் மெல்லிசாக, நூல் போல ஏதோ வெளியே வருவதைப் பார்த்தார்.

கதவைத் தள்ளினார். அறை முழுக்க நீலப் புகை தொங்கியது. கூடையின் பிரம்பு ஒரு பக்கம் கறுத்து, கம்பளியின் நடுவில் ஒரு சிவப்பு வட்டம் விரிந்துகொண்டிருந்தது. சுப்ரியா தூக்கத்திலேயே இருமிக்கொண்டிருந்தாள்.

"சுப்ரியா! எழுந்திரு! குழந்தை!"

தொட்டிலிலிருந்து நிலாவை வாரி எடுத்து, எழுந்து தள்ளாடிய சுப்ரியாவின் கையில் திணித்து, இருவரையும் வெளியே தள்ளினார். திரும்பி உள்ளே போனார். கூடையின் பிடியைப் பிடித்ததும் உள்ளங்கை பொசுங்கியது. விடாமல் குளியலறைக்குத் தரதரவென்று இழுத்தார். அங்கே ஆறு பக்கெட் தண்ணீர் விளிம்பு வரைக்கும் நிரம்பி நின்றது. தண்ணீர் நின்றுவிட்டால் என்ற பயத்தில் தினமும் அவர் பிடித்து வைப்பதுதான். வழியெல்லாம் பக்கெட்டாக இருக்கிறதே, கால் தடுக்குகிறதே என்று சுப்ரியா சலித்துக்கொள்வாள். கம்பளி பிரிந்து, உள்ளேயிருந்து ஒரு நாக்கு போல நெருப்பு எழுந்தது. அவர் முதல் பக்கெட்டைக் கவிழ்த்தார். அடுத்ததை. அதற்கடுத்ததை. சீறிச் சீறி அது அடங்கியது.

புகை விலகியபோது துண்டுகள் தெரிந்தன. மேலே இருந்தது லேசாகத்தான் பழுத்திருந்தது. அடுக்கின் நடுவில் இருந்தவை கரிக்கட்டை.

நிலா வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு தேசிகன் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பலமாக அழுகிற குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தார்கள். நிலாவுக்கும் சுப்ரியாவுக்கும் ஒன்றுமில்லை, தேசிகனின் கையில்தான் கட்டு. ரித்விக் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான். பார்க்காமல் விட்ட அந்த மெசேஜை மறுபடியும் மறுபடியும் திறந்து பார்த்தான். பிறகு கோபம் ட்ரையர் மேல் திரும்பியது.

"மெஷின்ல ஏதோ டிஃபெக்ட். கம்பெனியைச் சும்மா விடப் போறதில்ல."

"மெஷின் மேல தப்பில்ல. நான்தான் வச்சேன்" என்றார் தேசிகன்.

ரித்விக் பிரகாஷுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். பிரகாஷ் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். துண்டில் எண்ணெய் இருந்ததா? இருந்தது. அப்புறம் அவன் சொன்னான். பச்சைத் தண்ணீருக்கும் அரை மூடி சோப்புக்கும் எண்ணெய் போகாது, நூலுக்குள்ளேயே தங்கிவிடும். அதை ட்ரையரில் கொதிக்க வைத்து, கடைசிக் குளிர்ச் சுற்றை ஓட விடாமல், சூட்டோடு சூடாக அடுக்கிப் பொத்தி வைத்தால், எண்ணெய் தானாகவே சூடேறும். காற்றாட விட்டிருந்தால் அந்தச் சூடு போயிருக்கும், போக வழியில்லாததால் பற்றிக்கொண்டது. "புக்ல போட்டிருக்குமே சார், ஆயில் பட்ட துணி போடாதீங்கன்னு."

போட்டிருந்தது. தேசிகன் அந்த வரிக்கு அடியில் கோடுகூடப் போட்டிருந்தார். எண்ணெய் என்றால் கிரீஸ், பெட்ரோல், மெக்கானிக் கையில் இருப்பது என்று நினைத்தார். தலையில் தேய்த்துக்கொள்கிற நல்லெண்ணெயை, பச்சைக் குழந்தைக்குத் தடவுகிறதை யாராவது அந்தக் கணக்கில் சேர்ப்பார்களா? உலகத்தில் இருக்கும் எல்லாவற்றையும் பார்த்துப் பயந்த மனுஷர், அந்த ஒரு எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்து மட்டும் பயப்படவில்லை.

"டேகேர்லயே விட்டுடுங்கோ. என்னை நம்பாதீங்கோ" என்றார்.

ரித்விக் மறுத்துப் பேசவில்லை. அதுதான் அவருக்குக் கையைவிட அதிகமாக எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் தன் அறையை விட்டு வரவில்லை. காஸைப் பார்க்கவில்லை, பூட்டை இழுக்கவில்லை. எதைப் பார்க்கவும் தனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றிவிட்டது. சாயங்காலம் சுப்ரியா துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். மேலே அன்று காலையில் சரசு போட்டுவிட்டுப் போன எண்ணெய்த் துண்டு.

"இதை எப்படித் தோய்ப்பேள்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் விளையாடவில்லை.

"முதல்ல பேப்பர்ல ஒத்தி எடுக்கணும். கொதிக்கற வெந்நீர்ல, முழுசா சோப்பு போட்டு ஊற வைக்கணும். மத்த துணியோட சேக்காம தனியா. முகந்து பாத்து வாடை இருந்தா, இன்னொரு தடவை."

"அப்புறம் ட்ரையர்?"

"அந்தப் பக்கமே போகாது. கொடிதான்."

"மழை பெஞ்சா?"

"பெய்யட்டுமே. ஈரத் துண்டால யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"மத்த துணியெல்லாம்?"

"கடைசிச் சுத்து முடியற வரைக்கும் கதவைத் தொட மாட்டேன். எடுத்ததும் உதறி, விரிச்சுப் போட்டு, ஆறினப்புறம்தான் மடிப்பேன்." கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டார். "இதெல்லாம் இப்ப சொல்லி என்னம்மா பிரயோஜனம்? நானேதானே கொண்டுவந்து வச்சேன்."

"ஆமாம், நீங்கதான் வச்சேள்" என்றாள் சுப்ரியா. இல்லை என்று சமாதானம் சொல்லவில்லை. "நானும் அதே ரூம்லதான் இருந்தேன். எனக்கு ஒரு வாடையும் தெரியல. போனை வேற மியூட்ல போட்டுட்டுத் தூங்கினேன். தோத்துப் போனாலும் பரவாயில்லன்னு ஒருத்தர்தான் திரும்பி வந்தார்." எழுந்தாள். "டேகேருக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். அவர்கிட்டயும் பேசியாச்சு. ஒரு நாளைக்கு ஒரு போன், மத்தியானம். நான் எடுப்பேன்."

திங்கட்கிழமை காலை அவள் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு, நிலாவின் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டு இறங்கினாள். தேசிகன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பால்கனிக்கு வந்தார். அவள் கேட்டைத் தாண்டினாள். இளநீர் வண்டி வரைக்கும் போனாள். நின்றாள். திரும்பினாள். இளநீர்க்காரர் ஏதோ கேட்டார், அவள் பதில் சொல்லாமல் வேகமாக உள்ளே வந்தாள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். அவளும் லிப்டில் வரவில்லை. சாவி திரும்பியது. மூச்சு வாங்க நின்றாள். கண் யுட்டிலிட்டிப் பக்கம் போனது. அந்தக் கண்ணை தேசிகன் நன்றாக அறிவார், அறுபத்தேழு வருஷமாகக் கண்ணாடியில் பார்த்து வருகிற கண்.

"அப்பா, ட்ரையர் ஸ்விட்ச்..."

"அணைச்சாச்சு" என்றார் தேசிகன். "நான் பாத்தேன்."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அவருக்கே தெரிந்தது. கட்டுப் போட்ட கையால் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். சுப்ரியா யுட்டிலிட்டிக் கதவு வரைக்கும் ஓர் அடி வைத்தாள். நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சரிப்பா" என்றாள். இறங்கிப் போனாள்.

இளநீர் வண்டியைத் தாண்டி, முனை திரும்பி மறைகிற வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை.